வெயிலுக்குக் கண்ணைப்போல் பழகும் ஒளியுணர் பட்டை: வீட்டில் செய்யும் முறை

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரின் கடற்கரையில் நண்பகல் வெளிச்சத்தை அளக்க விரும்பும் ஒரு மாணவர், கடையில் கிடைக்கும் எல்.டி.ஆர். (வெளிச்சம் கூடக்கூட மின்தடை குறையும் உணரி) ஒன்றையும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும், உணரியின் அளவை எண்ணாக மாற்றித் தரும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் இணைத்து வெளியே கொண்டுவந்து வைக்கிறார் என்று கொள்வோம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; நேர்வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். பனையோலைக் கொட்டகையின் வாசல் நிழல் 5,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் 20 மடங்கு வேறுபாடு உண்டு. ஆனால் 10 லக்ஸ் வெளிச்சத்தில் 15 கிலோ ஓம் காட்டும் சாதாரண எல்.டி.ஆருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், 1023 வரை எண்ணக்கூடிய அந்தப் பலகையில் வெயிலுக்கு 1020 என்றும் நிழலுக்கு 1004 என்றும்தான் வரும். இருபது மடங்கு வேறுபாடு வெறும் பதினாறு எண்களுக்குள் ஒடுங்கிவிடுகிறது. வெண்மணலும் உப்பளமும் கடல்நீரும் சேர்ந்து ஒளியைத் திருப்பி வீசும் இந்தக் கரையில், ஒளியுணரிகள் பெரும்பாலும் இப்படித்தான் திணறிப்போகின்றன.

நம் கண் திணறுவதில்லை. மணலிலிருந்து கொட்டகைக்குள் நுழைந்தவருக்கு முதலில் எதுவும் தெரியாது. சிறிது நேரத்தில் பானையும் பாயும் வலைக்குவியலும் ஒவ்வொன்றாகத் துலங்கும். இதைக் கண்பாவையின் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். பாவை 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரிந்தாலும், அதன் பரப்பு 16 மடங்குதான் மாறும். நிலவில்லா இரவின் ஆயிரத்தில் ஒரு பங்கு லக்ஸிலிருந்து நண்பகலின் இலட்சம் லக்ஸ் வரை கண் வேலை செய்கிறது என்றால், மிகுதிப் பொறுப்பை விழித்திரையின் செல்களே ஏற்கின்றன. வெளிச்சம் பட்டதும், மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சிச் செல்களில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிறிவிடுகிறது. இருளில் அது மீண்டும் உருவாக 30 நிமிடங்களும் அதற்கு மேலும் ஆகும். பகலொளியில் பார்க்க உதவும் கூம்புச் செல்கள் 10 நிமிடங்களுக்குள் தேறிவிடும். நாட்டுப்படகில் இரவுத் தொழிலுக்குப் போகிறவர் முகத்தில் ஒருவர் டார்ச் அடித்துவிட்டால், அதன்பின் வெகுநேரம் வலையின் மிதவைகள் கண்ணுக்குப் புலப்படாமல் போவது இதனால்தான்.

ஆகவே பழகும் தன்மை கணக்குப் போடும் மூளையில் மட்டும் இல்லை. ஒளியை வாங்கும் பொருளிலேயே இருக்கிறது. இந்தச் செய்முறை அதையே அடிப்படையாகக் கொண்டது. ஆய்வுக்கூடங்களில் இதே நோக்கத்துக்காக, மின்கடத்தும் பாலிமரை இரப்பர் போன்ற நெகிழ்பொருளோடு கலந்து நீளக்கூடிய ஒளி டிரான்சிஸ்டர்களைச் செய்கிறார்கள். தொடர்ந்து ஒளி படும்போது அடுக்குகளின் எல்லையில் மின்னூட்டங்கள் சிக்கிக்கொண்டு மின்னோட்டத்தைத் தாமே மட்டுப்படுத்தும்படி அவற்றை வடிவமைக்க முடிகிறது. மின்கடத்தும் பாலிமர்களைக் கண்டறிந்ததற்காக ஹீகர், மெக்டையார்மிட், ஷிராகாவா ஆகிய மூவருக்கும் 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தப் பொருள்களை வீட்டில் தயாரிக்க இயலாது. ஆனால் ஒளியை உணர்வதை ஒரு பொருளிடமும் பழகுவதை வேறொரு பொருளிடமும் விட்டு, இரண்டையும் நீளக்கூடிய சிலிக்கோனுக்குள் பதித்தால், அதே நடத்தையைக் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

நீள வேண்டிய தேவை என்ன என்று கேட்கலாம். வலையில் கட்டும் உருண்டை மிதவை ஒன்றை எடுத்து அதன்மேல் ஒரு தாளைச் சுருக்கம் விழாமல் ஒட்டிப் பாருங்கள், முடியாது. உருண்டைப் பரப்பைத் தழுவ வேண்டுமென்றால் பொருள் நீண்டு கொடுக்க வேண்டும். விழித்திரையும் வளைந்த பரப்புதான். நாம் செய்யப்போகும் பட்டை, 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மிதவையின் பாதிச் சுற்றைத் தழுவி, நான்கு திசை வெளிச்சத்தை நான்கு உணரிகளால் வாங்கும்.

பழகும் வேலையைச் செய்யப்போவது, வெயிலில் நிறம் மாறும் போட்டோகுரோமிக் பொடி. நகப்பூச்சு, துணி அச்சு ஆகியவற்றுக்காக இணையக் கடைகளில் விற்கப்படுகிறது. நிழலில் வெண்மையாக இருக்கும் இப்பொடி புறஊதா ஒளி பட்டதும் நிறம் கொள்ளும்; ஒளி விலகினால் சில நிமிடங்களில் மீண்டும் வெளிறும். பல நிறங்களில் கிடைத்தாலும் கத்தரிப்பூ நிறத்தையே வாங்குங்கள். எல்.டி.ஆரில் உள்ள காட்மியம் சல்பைடு 540 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை மிகுதியாக உணர்கிறது; கத்தரிப்பூ நிறம் பச்சையையும் மஞ்சளையும்தான் விழுங்குகிறது. மஞ்சள் பொடியை வாங்கினால் அது நீலத்தை விழுங்கிவிட்டுப் பச்சையை அப்படியே விட்டுவிடும். படலம் கண்ணுக்கு நிறம் மாறியதாகத் தெரியும், உணரிக்கோ எதுவும் நடந்திருக்காது.

மற்றப் பொருள்கள்: சம அளவு கலக்கும் இரண்டு குப்பி ஒளிபுகு சிலிக்கோன், பிளாட்டினத்தால் இறுகும் வகை, சிலிக்கோனுக்கென விற்கப்படும் கறுப்பு நிறமி சிறிதளவு, 5 மில்லிமீட்டர் எல்.டி.ஆர். பத்து, 220 ஓம் ரெசிஸ்டர் ஐந்து, 0.2 மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பி, இது மோட்டார் காயில் கட்டும் கடைகளில் எடைக்குக் கிடைக்கும், நைலான் கொசுவலைத் துணி, ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு. ஆர்டுயினோ ஊனோ பலகை. குழாய் மூட்டுகளுக்கும் சன்னல் ஓரங்களுக்கும் பூசும் சிலிக்கோனை மலிவாக இருக்கிறதென்று பயன்படுத்தாதீர்கள். புளிக்காடி வாசனை வருகிறதே, அது இறுகும்போது வெளியாகும் அசிட்டிக் அமிலம், செம்பை அரித்துவிடும். ஏற்கெனவே உப்புக்காற்று செம்பைப் பச்சை பூக்கச் செய்யும் ஊரில் அந்த அமிலத்தையும் சேர்ப்பது அறிவுடைமை ஆகாது.

எல்.டி.ஆர். பத்து வாங்கச் சொல்வதற்குக் காரணம், ஒரே பொட்டலத்தில் இருப்பவைகூட ஒன்றுபோல் இருக்காது என்பதே. எல்லாவற்றையும் ஒரே விளக்கின் கீழ் ஒரே இடத்தில் வைத்து மல்டிமீட்டரால் அளந்து, நெருங்கிய ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். அளக்கும் முன் பத்தையும் அரை மணி நேரம் ஒரே வெளிச்சத்தில் வைத்திருங்கள். காட்மியம் சல்பைடுக்குச் சற்று முன் தான் இருந்த வெளிச்சத்தின் நினைவு சிறிது நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். கழித்த ஐந்தையும் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காட்மியம் நச்சு என்பதால் உடைக்கவோ கடற்கரையில் எறியவோ கூடாது.

முதல் நாள் சோதனை வார்ப்பு மட்டும் செய்யுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பட்டையை வார்க்க மனம் அவசரப்படும், பொறுத்துக்கொள்வது நல்லது. மூன்று காகிதக் கோப்பைகளில் தலா 5 கிராம் முதல் குப்பித் திரவத்தை எடுத்து, 0.03, 0.05, 0.1 கிராம் என்று பொடியைப் போடுங்கள். பொடி கட்டி தட்டும் இயல்புடையது. ஆகவே முதலில் இரண்டு மூன்று துளித் திரவத்தோடு குழைத்துக் களிம்பாக்கி, பிறகு மீதியோடு கலக்க வேண்டும். அதன்பின் இரண்டாம் குப்பியிலிருந்து 5 கிராம் சேர்த்து மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்கி, பிளாஸ்டிக் மூடிகளில் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றுங்கள். இறுகியதும் வில்லைகளை உரித்து, வெயிலில் ஒரு செய்தித்தாளின்மேல் ஒரு நிமிடம் வையுங்கள். எழுத்து நன்றாக மங்கியும் முயன்றால் படிக்கும்படியும் இருக்கும் வில்லை எதுவோ, அதன் அளவே உங்கள் பொடிக்குச் சரியான அளவு.

வில்லை இறுகாமல் பிசுபிசுவென்று நின்றால், பெரும்பாலும் கந்தகம் எங்கிருந்தோ கலந்திருக்கிறது என்று பொருள். நான் முதன்முறை வார்த்தபோது மருந்துக்கடையில் வாங்கிய சாதாரண ரப்பர் கையுறையை அணிந்திருந்தேன். மூன்று நாள்கள் கழித்தும் மேற்பரப்பு விரலில் ஒட்டியது. பொடி கெட்டது என்று நினைத்து இன்னொரு பொட்டலம் வாங்கியும் அதே நிலைதான். கையுறையின் ரப்பரில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பிளாட்டினத்தைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதைப் பிறகே அறிந்தேன். நைட்ரைல் கையுறை அணியுங்கள். ரப்பர் பேண்டு, குழந்தைகள் விளையாடும் களிமண் ஆகியவற்றையும் மேசையிலிருந்து அகற்றிவிடுங்கள்.

நேரம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சிலிக்கோன் வெப்பம் கூடக்கூட விரைந்து இறுகும். இராமநாதபுரத்துச் சித்திரை மாதப் பிற்பகலில் கலக்கினால், குமிழ்கள் மேலே வந்து உடைவதற்குள் கோப்பையிலேயே கெட்டிப்பட்டுவிடும். வெயில் ஏறுவதற்கு முன், காலையிலேயே ஊற்றிவிடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் சன்னல்களை அடைத்துக்கொள்ளாவிட்டால் பறக்கும் மணல் முழுவதும் வார்ப்பில் வந்து உட்கார்ந்துவிடும்.

இனிப் பட்டையின் அமைப்பு. நீளும் மின்னணுவியலில் தீவு-பால அமைப்பு என்று ஒன்று உண்டு: நீளாத உறுப்புகளைத் தனித்தனித் தீவுகளில் வைத்துவிட்டு, இடையில் உள்ள நெகிழும் பாலங்களை மட்டும் நீளவிடுவது. மன்னார் வளைகுடாத் தீவுகளையும் பாம்பன் பாலத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கட்டும் முனைகளை நீக்கி 15 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பட்டையில், 2 சென்டிமீட்டர் தீவுகள் நான்கு. மீதமுள்ள 7 சென்டிமீட்டரும் பாலம். மிதவையின் பாதிச் சுற்று ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். பட்டை 4 சென்டிமீட்டர் நீள வேண்டும். தீவுகள் நீளாததால் அந்த நீட்சி முழுவதையும் பாலங்களே ஏற்கும். அதாவது பாலம் ஒவ்வொன்றும் 57 சதவீதம் நீளும். சிலிக்கோனுக்கு அது எளிது; நேராக வைத்த செம்புக் கம்பியோ அவ்வளவு நீளுமுன்பே அறுந்து போகும்.

அதனால்தான் கம்பியைச் சுருளாக்குகிறோம். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. அதன்மேல் எனாமல் கம்பியை நெருக்கமாகச் சுற்றிக் கழற்றி, சுற்றுக்குச் சுற்று 2 மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி மெல்ல இழுத்துவிடுங்கள். ஒரு சுற்றில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் கம்பி இருப்பதால், 2 சென்டிமீட்டர் பாலத்தில் பத்துச் சுற்றுகளாக 7 சென்டிமீட்டர் கம்பி பதுங்கியிருக்கும். பாலம் 3 சென்டிமீட்டர் வரை நீண்டாலும் கம்பிக்கு இழுவிசை வராது. முனைகளில் எனாமலைப் பிளேடால் சுரண்டி, செம்பு பளபளப்பாகத் தெரிந்த பிறகே ஈயம் பற்றவையுங்கள். எல்லா உணரிகளுக்கும் பொதுவான 5 வோல்ட் கம்பி பட்டை முழுவதும் ஓடட்டும். இடப்பக்க உணரிகள் இரண்டின் தனிக்கம்பிகள் இடமுனையிலும், வலப்பக்கத்தவை வலமுனையிலும் வெளியேறட்டும். அப்போது எந்தப் பாலத்திலும் மூன்று சுருளுக்கு மேல் நெருக்கடி வராது.

அச்சைப் பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் தகட்டில், 5 மில்லிமீட்டர் உயர விளிம்போடு, முனைகளையும் சேர்த்து 17 சென்டிமீட்டர் நீளத்துக்குச் செய்துகொள்ளுங்கள். கண்ணாடியைத் தவிர்ப்பது நல்லது. சிலவகைச் சிலிக்கோன் அதில் பிடித்துக்கொண்டு உரியும்போது கிழியும். அடியில் ஊற்றும் பொடிப் படலமே பிறகு வெளிமுகமாக வரும். 1 மில்லிமீட்டர் கனத்துக்கு இதற்கு சுமார் 5 மில்லிலிட்டர் போதும். அது தொட்டால் ஒட்டும் பக்குவத்துக்கு வந்ததும், எல்.டி.ஆர்களை முகங்குப்புற, உணரும் முகம் படலத்தைத் தொடும்படி அழுத்தி வையுங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் 2 சென்டிமீட்டர் வட்டமாக வெட்டிய கொசுவலைத் துணியை, கால்கள் அதன் கண்கள் வழியே வரும்படி செருகுங்கள். இந்த வலைதான் தீவு. சிலிக்கோன் பெரும்பாலான பொருள்களோடு ஒட்டாது. வலையின் கண்களுக்குள் புகுந்து மறுபக்கம் தன்னோடு தானே இணைவதால் மட்டுமே வலையைப் பிடித்துக்கொள்ளும். சுருள்களை அவற்றின் இடத்தில் பொருத்தி, மல்டிமீட்டரால் ஒவ்வோர் இணைப்பையும் சரிபார்த்த பிறகே இரண்டாம் அடுக்கை ஊற்றுங்கள்.

அந்த இரண்டாம் அடுக்கு, 4 மில்லிமீட்டர் கனத்தது, கறுப்பாக இருக்க வேண்டும். ஒளிபுகு சிலிக்கோனையே ஊற்றினால் வெயில் பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் நுழைந்து உணரியை எட்டிவிடும். முன்னால் உள்ள படலம் என்ன பழகினாலும் பயனில்லை. கண்ணும் இதே சிக்கலை இதே வழியில் தீர்த்திருக்கிறது: விழித்திரைக்குப் பின்னால் உள்ள கருநிறப் படலம், சிதறித் திரியும் ஒளியை உறிஞ்சிவிடுகிறது. ஒரு நாள் முழுவதும் இறுகவிட்டு உரித்தெடுங்கள்.

ஐந்தாவது எல்.டி.ஆரை, பொடி சேர்க்காத 1 மில்லிமீட்டர் ஒளிபுகு படலத்தின் பின்னால் வைத்து, அதே கறுப்பால் மூடித் தனியாக வார்த்தெடுங்கள். இது பழகாத கண். இது இல்லாமல் எடுக்கும் எந்த அளவீட்டையும் நான் நம்ப மாட்டேன். மேகம் நகர்ந்ததா, படலம் கறுத்ததா என்று வேறுபடுத்திக் காட்ட வேறு வழி இல்லை.

மின்சுற்று எளியது. 5 வோல்ட்டிலிருந்து எல்.டி.ஆர்., அங்கிருந்து பலகையின் அனலாக் முனை, அதே முனையிலிருந்து 220 ஓம் வழியாகத் தரை. தொடக்கத்தில் சொன்ன அதே வெயிலுக்கும் அதே நிழலுக்கும் இப்போது கணக்குப்படி 922, 544 என்று வரும். ரெசிஸ்டரை மாற்றியதாலேயே சிக்கல் தீர்ந்ததே என்று தோன்றலாம். பகலுக்கு மட்டும்தான் தீர்ந்தது. மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு இதே சுற்றில் எண்கள் அடிமட்டத்தில் போய்க் கிடக்கும். எந்த நிலையான ரெசிஸ்டரும் வெளிச்சத்தின் ஒரு பகுதிக்கே பொருந்தும்.

பட்டையைக் கறுப்புத் துணியில் பொதிந்து பத்து நிமிடம் வைத்திருந்து, வெயிலில் சட்டென்று திறந்து, நொடிக்கு ஒருமுறை எண்களைப் பதிவு செய்யுங்கள். பழகாத உணரி மேலே ஏறி அங்கேயே நிற்கும். பட்டையின் உணரிகளும் ஏறும். ஆனால் உடனே, படலம் உங்கள் கண்முன் கத்தரிப்பூ நிறம் கொள்ளக்கொள்ள, எண்கள் இறங்கத் தொடங்கும். பிறகு இரண்டையும் நிழலுக்குக் கொண்டுசெல்லுங்கள். பழகாத உணரி நிழலின் அளவுக்கு உடனே வந்துவிடும். பட்டையோ அதைவிட இருட்டாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, சில நிமிடங்களில் மெல்ல மேலேறி வரும். கொட்டகைக்குள் நுழைந்தவரின் கண்ணுக்கு நேர்ந்ததும் இதுவே.

எண்ணைக் கொண்டு படலத்தின் கருமையைக் கணக்கிடலாம். எல்.டி.ஆரின் தடை என்பது 220ஐ, 1023இலிருந்து அளவீட்டைக் கழித்த எண்ணால் பெருக்கி அளவீட்டால் வகுத்தால் வருவது. பட்டையின் உணரி 60 ஓம், பழகாத உணரி 30 ஓம் காட்டுகிறது என்றால் தடையின் விகிதம் 2; இத்தகைய எல்.டி.ஆர்களில் தடை, ஒளியின் ஏறத்தாழ 0.7 அடுக்குக்கு எதிர்விகிதமாக மாறுவதால், ஒளியின் விகிதம் சுமார் 2.7. படலம் 37 சதவீத ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது என்பது இதன் பொருள்.

தீவுகளை ஏன் வற்புறுத்தினேன் என்பதும் இங்கே விளங்கும். சிலிக்கோனை ஒரு திசையில் இழுத்தால் கனஅளவு மாறாமல் மெலியும். 50 சதவீதம் நீண்டால் கனம் 82 சதவீதமாகக் குறையும். 25 சதவீத ஒளியை விட்ட படலம் அப்போது 32 சதவீதம் விடும். வெளிச்சம் மாறாமலேயே எண் மாறிவிடும் என்பதால், இழுப்பது வெளிச்சமாகத் தோன்றும் பிழை வந்துவிடுகிறது. கொசுவலை இதை முழுவதும் தடுக்காது, பெருமளவு தடுக்கும். உங்கள் பட்டையில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அறிய, நிழலில் படலம் வெளிறியிருக்கும்போது ஒருமுறையும் வெயிலில் கறுத்திருக்கும்போது ஒருமுறையும், இழுத்தும் விட்டும் அளந்து பாருங்கள்.

சோதிப்பவர்கள் தவறும் இடங்கள் இரண்டு. சன்னல் கண்ணாடிக்கு உட்புறமோ மின்விளக்கின் கீழோ வைத்துவிட்டுப் பொடி வேலை செய்யவில்லை என்பார்கள். அங்கே போதிய புறஊதா ஒளி இல்லை. இரவில் சோதிக்க 365 முதல் 395 நானோமீட்டர் புறஊதா டார்ச் உதவும். அதைக் கண்ணில் அடிக்கக் கூடாது. இன்னொன்று வெப்பம். பொடியை வெளிறச் செய்வது வெப்பமே என்பதால், சூடு கூடினால் படலம் குறைவாகக் கறுத்து விரைவாக வெளிறும். வெயிலில் கறுக்கும் மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: கொடைக்கானலில் கறுக்கும் அளவுக்கு அது இராமேசுவரத்தில் கறுப்பதில்லை. காலை எட்டு மணிக்கு ஒருமுறையும் நண்பகலில் ஒருமுறையும் அளந்து இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளிலும் சிறிது பழக்கம் சேர்க்கலாம். அரை நொடிக்கு ஒருமுறை, ஒவ்வோர் உணரியின் வெளிச்ச அளவையும் லாகரிதமாக மாற்றி, அதற்கென ஒரு பழக்க அளவை நினைவில் வையுங்கள். புதிய அளவு அதைவிடக் கூடினால் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கும், குறைந்தால் நூறில் ஒரு பங்கும் பழக்க அளவை நகர்த்துங்கள். வெளிச்சத்துக்குச் சுமார் 5 வினாடியிலும் இருளுக்குச் சுமார் 50 வினாடியிலும் பழகும் கண் கிடைக்கும். புதிய அளவுக்கும் பழக்க அளவுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் வெளியிட்டால், மிதவையின்மேல் ஒரு கையின் நிழல் விழுவது காலையிலும் நண்பகலிலும் ஏறத்தாழ ஒரே எண்ணாகத் தெரியும். கண் பார்ப்பதும் வெளிச்சத்தின் அளவைவிட அதன் விகிதத்தையே.

இடையே ஒன்று. முன்னால் ஒரு திரை கறுத்து ஒளியை மறைக்கும் இந்த முறை, மனிதக் கண்ணைவிட மீனின் கண்ணுக்கு நெருக்கமானது. எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் பாவை சுருங்கி விரிவதில்லை. பகலில் விழித்திரையின் கருநிறமித் துகள்கள் நகர்ந்து வந்து குச்சிச் செல்களுக்குத் திரையாகின்றன, இருட்டியதும் விலகிவிடுகின்றன.

பட்டையைப் பயன்படுத்தாத நேரங்களில் இருட்டான டப்பாவில் வையுங்கள். நாள்தோறும் வெயிலில் கிடந்தால் பொடி சோர்ந்து, கறுக்கும் ஆற்றலைப் படிப்படியாக இழக்கும். ஆகவே செய்த அன்றே பட்டை விடும் ஒளியின் சதவீதத்தைத் தேதியோடு எழுதிவைத்து, மாதம் ஒருமுறை அதே நேரத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். கம்பிகள் வெளியேறும் இரு முனைகளிலும் உப்பு ஏறாமல் இருக்கச் சிறிது சிலிக்கோனை மீண்டும் பூசிவிடுங்கள். பட்டை பழுதாவது பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.